இடது மூலை இருட்டு

அப்பாவுக்கு இப்போதெல்லாம் மனிதர்கள் என்றால் கால்கள்தான்.

கட்டிலில் குப்புறப் படுத்து, நெற்றியைச் சுருட்டிய துண்டில் ஊன்றி, முகத்தை விளிம்புக்கு வெளியே நீட்டிக் கிடக்கிறார். அறைக்குள் யார் நுழைந்தாலும் தரையில் நடமாடும் காலை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவார். "தேய்ச்சுத் தேய்ச்சு நடக்கிறது உங்கம்மா. நெயில் பாலிஷ் பாதி உதிர்ந்தது நீ." துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். உயரத்துக் கூண்டில் உட்கார்ந்து, காலடியில் இருக்கும் கண்ணாடி வழியாகக் கப்பலையும் சரக்குப் பெட்டிகளையும் குனிந்து பார்த்தே காலம் தள்ளியவர். "எனக்கு இது என்ன புதுசா? அதே வேலை, சம்பளம்தான் கிடையாது" என்று ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று சிரிக்கக்கூடச் செய்தார்.

மறுநாளே சிரிப்பு நின்றுவிட்டது.

தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு நடந்தது தெரியும். இன்றுதான் உள்ளே நுழைகிறவர்களுக்காக இரண்டு வரி. கூண்டில் இருக்கும்போதே அப்பாவின் இடது கண்ணில் திரை இறங்கியது. விழித்திரை உரிந்துவிட்டது என்றார்கள், ஈரச் சுவரில் ஒட்டிய காகிதம் உரிகிற மாதிரி. ஆபரேஷன் செய்து, கண்ணுக்குள் ஒரு வாயுக் குமிழை வைத்து அனுப்பினார்கள். அந்தக் குமிழ் மேலே மிதந்து, கண்ணின் பின்சுவரோடு விழித்திரையை அழுத்திப் பிடிக்க வேண்டும். அதற்கு அப்பாவின் முகம் தரையைப் பார்த்தபடியே இருக்க வேண்டும். "தலையைத் தூக்கினா குமிழ் இடம் மாறிடும். அப்புறம் என்னாலயும் ஒண்ணும் பண்ண முடியாது" என்று டாக்டர் சொன்னது பெரியவளின் காதிலேயே இருக்கிறது.

பெரியவள் என்றால் மூத்த மகள். கல்யாணமாகி அடுத்த தெருவில் குடியிருப்பவள். சலவை நிலையத்தில் கறை எடுக்கும் பிரிவில் வேலை. லீவு சொல்லிவிட்டு அப்பாவோடு வந்து உட்கார்ந்திருக்கிறாள்.

சும்மா படுத்திருக்கச் சொன்னால் அப்பாவுக்கு ஆகாது. இரண்டாம் நாளே "போதும்டா சாமி" என்று எழுந்துவிடப் பார்த்தார். அப்போதுதான் தம்பி போனில் வழி சொன்னான். தரையில் லேப்டாப்பை மல்லாக்க விரித்து வை. அப்பா வைத்திருக்கிற பழைய பட டிவிடிகளைப் போடு. இன்னொரு கண் நன்றாகத்தானே இருக்கிறது, பார்த்துக்கொண்டு கிடப்பார்.

நல்ல யோசனை. ஆனால் இந்தக் காலத்து லேப்டாப்பில் டிவிடி போட இடம் ஏது? மெலிசாக இருக்க வேண்டும் என்று அதைத்தான் முதலில் கழற்றிவிட்டார்களே. தம்பியே லேப்டாப்போடு, வெளியில் மாட்டுகிற டிவிடி டிரைவ் ஒன்றையும் சேர்த்துக் கொடுத்தனுப்பினான். கறுப்பாக, தட்டையாக, ஒரு ஒயர் வாலோடு இருந்த அதற்கு அம்மா 'தட்டுப்பெட்டி' என்று பெயர் வைத்துவிட்டாள். படம் ஓடுவதற்கு ஒரு பிளேயரை எப்படி ஏற்றுவது என்பதையும் அவனே போனில் ஒவ்வொன்றாகச் சொன்னான்.

அப்பாவிடம் மட்டும், லேப்டாப் மாப்பிள்ளையின் ஆபீஸில் கொடுத்தது என்று சொல்லி வைத்தார்கள். காரணம் உண்டு. அப்பா கையைக் காலைப் பிடித்துத் துறைமுகத்தில் வாங்கிக்கொடுத்த வேலையைத் தம்பி உதறிவிட்டு, லேப்டாப் பழுது பார்க்கும் கடையில் போய்ச் சேர்ந்துவிட்டான். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை. அவன் கை பட்ட பொருள் என்று தெரிந்தால் அப்பா குருடானாலும் ஆவார், பார்க்க மாட்டார். இதை அம்மாதான் சொன்னாள். சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

இன்று காலையில் ஆரம்பித்தது வினை.

கப்பல் தீப்பிடித்து எரியும் கட்டம். அப்பாவுக்கு மிகவும் பிடித்த இடம். கீழே தட்டுப்பெட்டி கிர்ர் என்று சுற்றியது, டிக் டிக் என்று விக்கியது, அப்படியே ஓய்ந்துவிட்டது.

"நின்னுபோச்சு!" என்று அப்பா தலையைத் தூக்கப் போனார்.

"தூக்காதீங்க!" அம்மா கையிலிருந்த டம்ளரைப் போட்டுவிட்டு ஓடிவந்து அவர் பிடரியில் இரண்டு கையையும் வைத்து அழுத்தினாள். "ஐயோ, தூக்கிட்டாரா? பெரியவளே, தூக்கிட்டாரா?"

"இல்லம்மா. கொஞ்சந்தான். தூக்கல."

தூக்கினாரா இல்லையா என்று பெரியவளுக்கு நிச்சயமாகத் தெரியவில்லை.

"கழுத்தை உடைச்சிடாதே, விடு" என்றார் அப்பா துண்டுக்குள்ளிருந்து. "ஓடுறப்ப மட்டும் ஒழுங்காவா ஓடுது? மூலையில கறுப்பா இருக்கு. நேத்து சாயங்காலத்திலேர்ந்து பாக்குறேன்."

"எந்த மூலைப்பா?"

"இடது பக்கம், கீழ. அங்க வந்து நிக்கிறவன் ஒருத்தனுக்கும் காலே இல்லை. எல்லாம் பேய்ப் படம் மாதிரி மிதக்குதுங்க. மாப்பிள்ளைக்கு ஆபீஸ்ல நல்ல பொருளா கிடைக்கலையாமா?"

பெரியவள் தரையில் படுத்து, கட்டிலுக்கடியில் தலையை விட்டுப் பார்த்தாள். கறுப்பு எதுவும் கண்ணில் படவில்லை. ஆனாலும் மெல்லிய துணியை லேசாக நனைத்து, ஓரத்திலிருந்து உள்நோக்கி வட்டமாகத் துடைத்தாள். கறை என்றால் போகாமல் எங்கே போகும் என்று நம்புகிற தொழில் அவளுடையது.

"போயிடுச்சாப்பா?"

அப்பா கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "இல்லை. மிஷினைக் கொண்டுபோய்க் காட்டு" என்றார்.

அந்தக் குரல் அப்பாவுக்கு வழக்கமான குரல் இல்லை. வழக்கமாக உத்தரவு போடுவார். இன்று கேட்டுக்கொள்கிற மாதிரி இருந்தது. பெரியவள் அதைக் கவனித்தாள்; கவனித்ததை ஒதுக்கி வைத்துவிட்டு டிரைவைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். அம்மா அப்பாவின் தலைமாட்டில் காவலுக்கு உட்கார்ந்தாள்.

தம்பி வேலை பார்க்கும் கடை ஒரு பெரிய கட்டடத்தின் மாடிப்படிக்கு அடியில் இருக்கிறது. நிமிர்ந்தால் தலை இடிக்கும். நீள மேஜையில் வயிறு பிளந்த லேப்டாப்கள் வரிசையாகக் கிடந்தன. ஒவ்வொன்றின் பக்கத்திலும் அதனதன் திருகாணிகள் தனித்தனிக் கிண்ணத்தில். தம்பி விளக்கு வைத்த பூதக்கண்ணாடியை ஒதுக்கிவிட்டு எழுந்தான்.

"அப்பா தலையைத் தூக்கிட்டாரா?" அதுதான் அவனுடைய முதல் கேள்வி.

"தெரியலடா. முதல்ல இதைப் பாரு. நடுநடுவுல நின்னுடுது."

டிரைவை வெளியில் எடுத்தவன் அதன் ஒயரைப் பார்த்துத் திகைத்தான். அந்த ஒயருக்கு ஒரு முனையில் இரண்டு தலை. ஒரு தலை சும்மா இருந்தது. இன்னொன்றைப் பிளாஸ்டிக் பையில் போட்டுச் சுருட்டி, ரப்பர் பேண்ட் சுற்றி, மேலே ஒரு முடிச்சும் போட்டிருந்தது.

"இது யாரு வேலை?"

"வேற யாரு? அம்மாதான். ஒண்ணு கெட்டுப்போனா இன்னொண்ணு இருக்கட்டும்னு பத்திரப்படுத்தியிருப்பா."

"அக்கா, ரெண்டையும் லேப்டாப்ல சொருகணும். ரெண்டும் சேர்ந்து கரண்ட் இழுத்தாத்தான் இது சுத்தும். ஒண்ணை மட்டும் வச்சா மூச்சு வாங்கி நின்னுடும்."

இருவரும் சிரித்தார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் காத்திருந்த அன்றிலிருந்து பெரியவள் சிரிப்பது இதுதான் முதல் தடவை. அம்மா சேமித்து வைத்த புதுத் துண்டுகளும், உறை பிரிக்காத போர்வைகளும், இப்போது ஒரு ஒயரின் பாதியும். அவளுக்குக் கண்ணில் நீரே வந்துவிட்டது.

"அப்போ மூலையில கறுப்பா இருக்குன்னாரே, அதுவும் இதனாலதானா?"

தம்பியின் சிரிப்பு நின்றது. "மூலையிலயா? டிரைவ் கோளாறுன்னா படம் நிக்கும், திக்கும். ஒரு மூலை மட்டும் கறுக்காதே. ஸ்க்ரீன்தான் அடி வாங்கியிருக்கணும். கீழ எங்கயாவது போட்டீங்களா?"

"தரையிலதானேடா இருக்கு, எங்க போய் விழும்?"

"நான் வந்து பார்த்தாத்தான் தெரியும்."

"அப்பா இருக்காரேடா!"

"அவருக்குக் கால்தானே தெரியும்? மாமாவோட சாக்ஸை எடுத்து வை. மாட்டிக்கிட்டு வரேன், மாப்பிள்ளைன்னு நினைச்சுக்குவார். வாயைத் திறக்க மாட்டேன்."

பெரியவளுக்கு அதுவும் பயமாகத்தான் இருந்தது. அப்பா கண்டுபிடித்துவிட்டால்? கோபத்தில் விருட்டென்று எழுந்துவிட்டால்? ஒரு குமிழ் நகர்ந்தால் போதும். கூண்டில் உட்கார்ந்து, இத்தனை உயரத்திலிருந்து கொக்கியை இறக்கிப் பெட்டியின் மூலையில் பொருத்துகிறவருக்கு இரண்டு கண்ணும் வேண்டும். ஒன்று போனால் அந்த ஏணியில் மறுபடி ஏற விடமாட்டார்கள். ஏணியில் ஏறாத அப்பாவை அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

மத்தியானம் தம்பி வந்தான். படியிலேயே செருப்பை விட்டுவிட்டு, மாமாவின் சாம்பல் நிற சாக்ஸை மாட்டிக்கொண்டான். கொஞ்சம் பெரிசு, குதிகாலில் தொளதொள என்று தொங்கியது. வேறு நேரமாக இருந்தால் அம்மா விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். இப்போது அவன் கன்னத்தைத் தொட்டுவிட்டுத் தள்ளி நின்றுகொண்டாள். எத்தனை நாள் கழித்து மகன் வீட்டுக்குள் கால் வைக்கிறான், அதுவும் யாரோ ஒருவனின் கால் மாதிரி.

டிரைவின் இரண்டு தலையையும் சொருகியாயிற்று. தட்டுப்பெட்டி இப்போது சத்தமே இல்லாமல் சுற்றியது. கப்பல் மறுபடி தீப்பிடித்தது.

"இப்ப எப்படிப்பா இருக்கு?"

"ஓடுது" என்றார் அப்பா. "மூலை அப்படியேதான் இருக்கு. கொஞ்சம் பெரிசா ஆன மாதிரி இருக்கு."

தம்பி கட்டிலின் இடது பக்கமாகக் குந்தி உட்கார்ந்து, படத்தை நிறுத்திவிட்டு, திரை முழுவதையும் வெள்ளையாக்கினான். பிறகு சிவப்பு. பிறகு நீலம். ஒவ்வொரு நிறமும் மூலைக்கு மூலை பளிச்சென்று பரவியது. ஒரு புள்ளிகூடப் பழுதில்லை. அவன் நிமிர்ந்து அக்காவைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான்.

அம்மா, ஏற்பாடு செய்தபடி குரலை உயர்த்தினாள். "என்னங்க, மாப்பிள்ளை வந்திருக்கார். மிஷினைப் பாக்குறார்."

"அப்படியா? வாங்க மாப்பிள்ளை" என்றார் அப்பா. கொஞ்சம் பொறுத்து, "எங்க இருக்கார்?" என்று கேட்டார்.

தம்பி தன் காலைக் குனிந்து பார்த்துக்கொண்டான்.

மாமாவின் சாம்பல் நிற சாக்ஸ் போட்ட கால்கள் இரண்டும் அப்பாவின் முகத்துக்குக் கீழே, இடது பக்கத்தில், கை நீட்டினால் தொடும் தூரத்தில் இருந்தன. வாசலைத் தாண்டும்போதே காலை வைத்து ஆளைச் சொல்லிவிடுகிற மனுஷர். உதிர்ந்த நெயில் பாலிஷைக் கூட விடாதவர். அவர் கேட்கிறார், எங்க இருக்கார் என்று.

பெரியவளுக்கு அப்போதுதான் புரிந்தது. கறுப்பு லேப்டாப்பில் இல்லை. ஸ்க்ரீன் அடி வாங்கவும் இல்லை. இடது கண்ணுக்கு மூடி போட்டு ஒட்டியிருக்கிறது. அப்படியானால் அப்பா இத்தனை நாளும் பார்த்துக்கொண்டிருந்தது வலது கண்ணால்.

அவள் முழங்காலிட்டுத் தன் கையைத் திரையின் இடது மூலைக்கு மேலே நீட்டினாள். விரல்களை விரித்தாள்.

"அப்பா, என் கையில எத்தனை விரல் நீட்டியிருக்கேன்?"

"எங்க நீட்டியிருக்கே?"

"உங்க முன்னாலதான்ப்பா."

அவருடைய கை கட்டில் சட்டத்தை இறுக்கிப் பிடித்திருந்தது.

"மிஷின்தான் கெட்டுப்போச்சுன்னு சொல்லேம்மா" என்றார்.

இந்த ஒரு வாக்கியத்துக்கு அம்மா உடைந்துவிட்டாள். சுவரோடு சாய்ந்து, வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு, சத்தம் வராமல் அழுதாள். அப்பாவுக்குத் தெரிந்திருக்கிறது. நேற்று சாயங்காலமே தெரிந்திருக்கிறது. கூண்டில் ஒரு தடவை இறங்கிய திரை எப்படி இருக்கும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தெரிந்தும், ஒயரையும் ஸ்க்ரீனையும் மாப்பிள்ளையின் ஆபீஸையும் திட்டிக்கொண்டு, யாராவது வந்து மிஷின்தான் பழுது என்று சொல்லிவிட மாட்டார்களா என்று ஒரு ராத்திரி முழுக்க, இந்த மத்தியானம் வரைக்கும் காத்திருந்திருக்கிறார். பெரியவளும் அவர் சொன்னபடி மூலையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

தம்பிதான் முதலில் அசைந்தான். வாயைத் திறக்க மாட்டேன் என்று சத்தியம் செய்தவன், போனை எடுத்து ஆஸ்பத்திரியை அழைத்து, அறைக்குள்ளேயே நின்று பேசினான்.

"ஆபரேஷன் ஆன பேஷன்ட் மேடம். இல்ல, அந்தக் கண் இல்ல. இன்னொரு கண். வலது கண்ணு. நேத்துலேர்ந்து மூலையில இருட்டா இருக்காம். பெரிசாகுதாம்."

அந்தக் குரலைக் கேட்டும் அப்பா ஒன்றும் சொல்லவில்லை. வெளியே போடா என்று கத்தவில்லை. யாரு அது என்றுகூடக் கேட்கவில்லை. பெரியவளுக்கு மற்ற எல்லாவற்றையும் விட அதுதான் பயமாக இருந்தது.

போனில் நர்ஸ் போய் ஒரு டாக்டர் வந்தார். தம்பி ஸ்பீக்கரில் போட்டான்.

"இருட்டு மேல இருக்கா, கீழ இருக்கா?"

"கீழ, டாக்டர். இடது பக்கம் கீழ."

டாக்டரின் குரலில் அவசரம் வந்துவிட்டது. "கண்ணுக்குள்ள பிம்பம் தலைகீழாத்தான் விழும், கீழ இருட்டுன்னா மேல் பக்கம் உரியுதுன்னு அர்த்தம். உடனே கிளம்புங்க. ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காதீங்க. நடக்க விடாதீங்க, குலுங்கக் கூடாது. வண்டியில பின் சீட்ல படுக்க வச்சுக் கொண்டு வாங்க."

"எப்படிப் படுக்க வைக்கிறது டாக்டர்? இப்ப குப்புறத்தான் இருக்கார்."

"அதான் சிக்கல். இந்தக் கண்ணுக்கு மல்லாந்து படுக்கணும். குப்புற இருந்தா உரியறது நடுப் பார்வைக்கு இறங்கிடலாம். ஆபரேஷன் பண்ண கண்ணுக்குக் குப்புறத்தான் இருக்கணும்." அவர் யாரிடமோ திரும்பிப் பேசுவது கேட்டது. "நானா சொல்ல முடியாது. ஆபரேஷன் பண்ண சர்ஜனைக் கேட்டுட்டு உடனே கூப்பிடுறேன். நீங்க வண்டியைப் பாருங்க." போன் அணைந்தது.

அம்மா தெருமுனைக்கு ஓடினாள். பெரியவள் ஆஸ்பத்திரிப் பையைத் தூக்கினாள், கீழே வைத்தாள், எதற்குத் தூக்கினோம் என்று தெரியாமல் மறுபடி தூக்கினாள். தம்பி போனை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தபடி நின்றான். அது அடிக்கவில்லை.

கதவைத் திறந்துபோட்டுக்கொண்டு ஒரு டாக்ஸி வாசலில் வந்து நின்றது. அம்மா உள்ளே ஓடிவந்து, "வண்டி வந்தாச்சு, தூக்குங்க, எப்படித் தூக்கணும்?" என்றாள். தம்பி ஆஸ்பத்திரி நம்பரை மறுபடி அழுத்தினான். லைன் கிடைக்கவில்லை.

"அவங்க சொன்னதெல்லாம் எனக்கும் கேட்டுச்சு" என்றார் அப்பா. ஸ்பீக்கரில் எல்லாம் அவர் காதிலும்தான் விழுந்திருந்தது.

பெரியவள் பொய் சொல்ல வாயெடுத்தாள். வரவில்லை.

கட்டில் சட்டத்தை விட்டுவிட்டு அப்பாவின் கை இடது பக்கமாக இருட்டுக்குள் நீண்டது. துழாவி, தொளதொளத்த சாக்ஸில் பட்டு, அதற்குள்ளிருந்த கணுக்காலைப் பிடித்துக்கொண்டது. அந்தப் பிடியில் மாப்பிள்ளைக்கான மரியாதை எதுவும் இல்லை.

"டேய்" என்றார். வருஷக் கணக்கில் அவனை நேராகக் கூப்பிடாத குரல். அது உடைந்திருந்தது. "இவங்க ரெண்டு பேரும் அழுவாங்க, சொல்ல மாட்டாங்க. நீ சொல்லு. எந்தக் கண்ணை விடுறது?"

தம்பி கட்டிலருகே உட்கார்ந்து, அப்பாவின் நெற்றிக்கு அடியில் ஒரு கையையும் நெஞ்சுக்கு அடியில் ஒரு கையையும் கொடுத்தான். எந்தப் பக்கம் திருப்புவது என்று அவனுக்குத் தெரியவில்லை.